டேக்கன் ஓவர்

கார்டை இடது கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, ஒரு விளக்குமாற்றுக் கட்டையால் பெடலை அழுத்துகிறான் மணவாளன். பவர் பிரஸ் இறங்கவில்லை. அவனுக்கு அது போதாது. இன்னும் நான்கு தரம் அழுத்துவான். தகட்டை ஒரே அடியில் வெட்டும் இயந்திரம் அது. கை போகும் இடத்தை மறைக்கிற இரும்புத் தடுப்புதான் கார்டு. அது திறந்திருக்கும்போது பிரஸ் இறங்கவே கூடாது. மற்றவர்கள் வாட்ச்சைப் பார்த்துப் பல்லைக் கடிப்பார்கள். அவன் பாட்டுக்கு ஸ்பிரிங்கை இழுத்துப் பார்த்து, நட்டுகளைத் தொட்டுப் பார்த்து, ஒருவழியாக நோட்டுக்கு வருவான். எழுதுவது இரண்டே சொல்: டேக்கன் ஓவர்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் எங்களுடையது சின்ன கம்பெனி. காலை ஷிப்ட் முடிக்கிறவன் ‘ஹேண்டட் ஓவர்’ என்று எழுத வேண்டும். மதியம் வருகிறவன் அதன் கீழே ‘டேக்கன் ஓவர்’ என்று எழுத வேண்டும். எட்டாவதோடு நின்றவன் மணவாளன். ஆனாலும் அந்த இரண்டு சொல்லை அச்சடித்த மாதிரி எழுதுவான்.

அண்ணனூரில் அவன் வீடு. மகள் வசந்தகுமாரி பத்தாவது படிக்கிறாள். பள்ளிக்கூட நோட்டில் ‘டேக் ஓவர்’ என்பதற்கு மூன்று பொருள் எழுதியிருந்தாளாம்: பொறுப்பேற்பது, ஒரு கம்பெனியை இன்னொரு கம்பெனி வாங்கிக்கொள்வது, படையோடு வந்து நாட்டைப் பிடிப்பது.

“மூணும் கரீட்டுதான் கண்ணு. ஆனா எங்க கம்பெனில வேற. இன்னா கீதுன்னு என் கண்ணால பாத்துட்டேன், இனிமே இன்னா ஆனாலும் என் தலைமேலன்னு அர்த்தம்” என்றானாம் இவன். என்னிடம் சொல்லிவிட்டுச் சிரித்தான். என்னால் சிரிக்க முடியவில்லை.

இரண்டு வருடத்துக்கு முன்பு, தொண்ணூறில், இந்தச் சோதனையெல்லாம் கிடையாது. நோட்டே கேட்டுக்கு எதிரிலிருக்கும் டீக்கடைக்கு வந்துவிடும். போகிறவனும் வருகிறவனும் கிளாஸும் கையுமாக அங்கேயே எழுதி முடித்துவிடுவோம். அன்று காலை ஷிப்ட் நான். கார்டு திறந்திருக்கும்போதே பிரஸ் இரண்டு தரம் இறங்கியதைப் பார்த்தேன். அதை எழுதினால் ஃபிட்டர் வரும்வரை நிற்க வேண்டும். பட்டரவாக்கம் ஸ்டேஷனில் என் திருநின்றவூர் வண்டி போய்விடும். ‘ஹேண்டட் ஓவர்’ என்று மட்டும் எழுதினேன். மணவாளன் டீயை ஊதிக்கொண்டே கீழே எழுதினான். அரை மணி நேரத்தில், தகடு வைத்துக்கொண்டிருந்த பேபி என்கிற பெண்ணுக்கு வலது கையில் இரண்டு விரல் போய்விட்டது.

“நான்தான் சார் டேக் ஓவர் பண்ணேன். மிசினைப் பாக்காமயே எழுதிட்டேன்” என்றான் விசாரணையில். ஒரு மாதம் சஸ்பெண்ட் செய்தார்கள். என்னையும் கேட்டார்கள். “காலைல நல்லாத்தான் ஓடிச்சு சார்” என்றேன். அப்போது நாக்கு கூசவில்லை.

பேபி இப்போது பேக்கிங்கில் இருக்கிறாள். இடது கையால் டேப் ஒட்டுவாள். அதைப் பார்க்கக் கூடாதென்று தண்ணீர் குடிக்கக்கூட ஷெட்டைச் சுற்றிக்கொண்டு போகிறவன் நான். மணவாளன் அவள் எதிரில் உட்கார்ந்துதான் டிபன் பாக்ஸைத் திறப்பான். “தப்பு பண்ணவன் மூஞ்ச மறைச்சிகினு போவக் கூடாது அண்ணாத்தே” என்பான்.

போன வாரம், சோதனையெல்லாம் முடித்துவிட்டு அவன் பேனாவைத் திறந்தபோது சொல்லிவிட்டேன். “மணவாளா, அன்னிக்கு கார்டு கெட்டுப் போயிருந்தது எனக்கு முன்னாடியே தெரியும்டா.”

அவன் என்னைத் திட்டவில்லை.

“இன்னிக்கு இன்னா கீது?” என்று மட்டும் கேட்டான்.

“ஒண்ணுமில்ல. நல்லாருக்கு” என்றேன்.

எழுதாமல் பேனாவை மூடி நோட்டின்மேல் வைத்தான். மூலையில் சாத்தியிருந்த கட்டையை எடுத்துக்கொண்டு பிரஸ்ஸுக்குத் திரும்பிப் போனான். கார்டைத் தூக்கிப் பிடித்து, முதலிலிருந்து பெடலை அழுத்த ஆரம்பித்தான்.