ஜாதகத்தோடு போன என் கட்டுரைகள்

சினைப்பைக் கோளாறுகளைப் பற்றி நான் எழுதிய ஆய்வுக் கட்டுரைகளை எங்கள் வீட்டில் ஒருவரும் படித்ததில்லை. படிக்க வேண்டும் என்று நானும் எதிர்பார்த்ததில்லை. ஆனால் அப்பா அவற்றின் பட்டியலை அரிமளம் கடைத்தெருவில் பிரிண்ட் எடுத்து, தங்கையின் ஜாதகத்தோடு சேர்த்துப் பின் அடித்து, இலுப்பூர் மாப்பிள்ளை வீட்டுக்குக் கொடுத்துவிட்டார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

எங்கள் பக்கம் பெண்ணைப் பற்றிச் சொல்லும்போது வீட்டுப் பெருமையையும் சேர்த்துச் சொல்வது வழக்கம். தாய்மாமன் வாத்தியார், சித்தப்பா மிலிட்டரி என்று எதையாவது எடுத்துவிட வேண்டும். அப்பாவிடம் எடுத்துவிட நான்தான் இருந்தேன். "மூத்த பொண்ணு சென்னையில டாக்டருங்க. எம்புட்டு எழுதியிருக்குன்னு நீங்களே பாருங்க." நான் ஊசி போடுகிற டாக்டர் இல்லை, ஆய்வகத்தில் வேலை பார்க்கிறவள் என்று எத்தனையோ முறை சொல்லியாயிற்று. அவர் காதில் ஏறினால்தானே!

மாப்பிள்ளை வீட்டாருக்குத் தங்கையைப் பிடித்திருந்தது. அவளுக்கும் மாப்பிள்ளையை ரொம்பப் பிடித்திருந்தது. பூ வைக்க நாளும் குறித்தாகிவிட்டது. பெண்ணின் தலையில் மாப்பிள்ளை வீட்டார் பூ வைத்துவிட்டால் பாதிக் கல்யாணம் முடிந்த மாதிரி, அப்புறம் யாரும் பேச்சு மாற மாட்டார்கள். அந்த நாளுக்குக் கொஞ்சம் முன்னால்தான் மாப்பிள்ளையின் அம்மா போன் செய்தார்.

அவர்கள் வீட்டு மருமகன் மெடிக்கல் ஷாப் வைத்திருக்கிறார். பட்டியலை வாசித்துச் சொன்னது அவர்தான். எல்லாமே நீர்க்கட்டி, கருத்தரிக்காமை. குடும்பத்தில் இல்லாத வியாதியைப் பற்றி ஒரு பெண் இத்தனை வருஷம் உட்கார்ந்து எழுதுவாளா என்று யோசித்திருக்கிறார்கள். போதாக்குறைக்கு எனக்கும் கல்யாணமாகிச் சில வருஷங்களாகக் குழந்தை இல்லை. இப்போதைக்கு வேண்டாம் என்று இருப்பது நாங்கள்தான். அதை இலுப்பூருக்குப் போய் விளக்கவா முடியும்?

"சந்தேகம்னு இல்லங்க. ஒரே ஒரு ஸ்கேன் மட்டும் எடுத்து அனுப்புங்க" என்றாராம்.

எடுக்காதே என்று தங்கையிடம் போனில் கத்தினேன். நல்ல ஆரோக்கியமாக இருக்கும் இளம்பெண்கள் பலருக்கும் ஸ்கேனில் சின்னச் சின்னக் கட்டிகள் தெரியும். அதை மட்டும் வைத்து நோய் என்று முடிவு கட்டக் கூடாது. இதைத்தானே நான் திரும்பத் திரும்ப எழுதிக்கொண்டிருக்கிறேன்!

"எனக்கு மாசாமாசம் சரியாத்தான்க்கா வருது. என்ன வந்துரப் போகுது?" என்றாள் தங்கை. எடுக்காவிட்டால் சந்தேகம் உறுதியாகிவிடும் என்ற பயம் அவளுக்கு. அம்மாவோடு புதுக்கோட்டைக்குப் போய் எடுத்து வந்தாள். நான் பயந்த மாதிரியே கட்டிகள் தெரிந்தன. ரிப்போர்ட்டும் இலுப்பூருக்குப் போய்விட்டது.

லீவு போட்டுவிட்டு ஊருக்கு வந்தேன். மாப்பிள்ளையின் அம்மாவுக்கு நானே போன் செய்து ஸ்பீக்கரில் போட்டேன். தங்கை பக்கத்தில் நின்றாள்.

"அத்தை, இது நோயே இல்லைங்க. ரத்த டெஸ்ட்டும் எடுத்துப் பாத்தாச்சு, எல்லாம் நல்லா இருக்கு."

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நானும் சண்டையாவது போட்டிருப்பேன்.

"நீ படிச்ச புள்ள, சரியாத்தாம்மா சொல்லுவ. ஆனா ஒன் தங்கச்சிக்கு நீ வேற எப்படிச் சொல்லுவ? வெளியாளு சொன்னா நம்பிருப்பேன்."

முகம் தெரியாத பெண்களுக்காக நான் எழுதுவதை முகம் தெரியாத டாக்டர்கள் நம்புகிறார்கள். கூடப் பிறந்தவளுக்காக வாயைத் திறந்தால் அது செல்லாது. நான் படித்த அத்தனை படிப்பும் அந்த ஒரு போனில் எதற்கும் உதவவில்லை.

பூ வைக்க யாரும் வரவில்லை. தங்கை ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை. பிறகு ஒருநாள் கேட்டாள்: "ஏன்க்கா, கண்ணு, காதுன்னு வேற எதையாச்சும் பத்தி எழுதியிருக்கக் கூடாதா நீ?" குத்திக்காட்டவில்லை, நிஜமாகவே கேட்டாள்.

இப்போது குளத்தூர்ப் பக்கத்திலிருந்து ஒரு வரன் வந்திருக்கிறது. நேற்று அப்பா போன் செய்து மழை, மோட்டார், அம்மாவின் முட்டிவலி என்று எங்கெங்கோ சுற்றினார். கடைசியில் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "ஆத்தா, ஒன்னையப் பத்திக் கேட்டா பேங்க்ல வேலைன்னு சொல்லிக்கிறவா?" என்றார்.

"சொல்லிக்கங்கப்பா" என்றேன்.

அப்பா நிம்மதியாக மூச்சு விட்டது எனக்குப் போனில் கேட்டது.