ரைஸ் குக்கர் இல்லாமல் பெங்காலான் பாலாக்

வெள்ளிக்கிழமை, காலை மணி 9.20. பத்து பெரண்டாம் ஊரில் எங்கள் வீட்டு வாசலில் நின்ற வண்டியின் பின்கதவைத் திறந்து என் மனைவி வசந்தா சோதனை போட்டாள். துணிப்பை, பாய், குடை, இரண்டு தலையணை. சீட்டுக்கு அடியிலும் கையை விட்டுத் துழாவினாள்.

"ரைஸ் குக்கர் ஏத்தலையே?"

"சத்தியமா இல்லலா."

எங்கள் பக்கத்துத் தமிழர்கள் மலைக்குப் போனாலும் கடலுக்குப் போனாலும் ரைஸ் குக்கரை விட்டுவிட்டுப் போவதில்லை. ஹோட்டல் அறையில் சோறு வேகும்போது வாசனை வெளியே போகாமல் கதவிடுக்கில் துண்டைச் செருகியவர்களில் நானும் ஒருவன். இந்தப் பயணத்துக்கு வசந்தா போட்ட ஒரே நிபந்தனை, அந்தச் சாமான் வரக்கூடாது என்பதுதான். அவள் ஆயர் குரோவில் ஒரு மாணவர் விடுதிக் கேண்டீனில் சமையல் வேலை பார்க்கிறாள். பகலில் அங்கே அடுப்பு, மாலையில் வீட்டில் அடுப்பு. கல்யாணமாகி இருபத்தாறு வருடங்கள்.

"ஞாயித்துக்கிழம ராத்திரி வரைக்கும் நான் கரண்டிய தொட மாட்டேன். அதான் எனக்கு ஹாலிடே. மத்ததெல்லாம் நீங்க பாத்துக்குங்க" என்றாள். பார்த்துக்கொண்டேன். அந்த அழகைத்தான் சொல்லப் போகிறேன்.

வழியில் கிளேபாங்கில் ஆளுக்கொரு தேங்காய் ஷேக், தலா ஐந்து வெள்ளி, அதாவது ரிங்கிட். தஞ்சோங் கிளிங், சுங்கை ஊடாங், மஸ்ஜித் தானா என்று ஆடி அசைந்து போய், பதினொன்றரைக்குப் பெங்காலான் பாலாக்கில் இறங்கினோம். என் வண்டி மீட்டரில் முப்பத்தேழு கிலோமீட்டர். வாடகை வீடு கடலிலிருந்து ஐம்பதடி தூரம், ஒரு இரவுக்கு நூற்றிருபது வெள்ளி. முன்னால் சவுக்கு மரங்கள். கடல் எங்கோ உள்வாங்கிப் போயிருந்தது.

சாவியைத் தந்த வீட்டு உரிமையாளர் காக் ரோஸ், அதாவது ரோஸ் அக்கா, எங்கள் வயதுள்ள மலாய்ப் பெண்மணி. இங்கே மீன் அவ்வளவு புதுசு, மூன்றாவது கடையில் என் பேரைச் சொல்லுங்கள், நல்ல நண்டாக எடுத்துச் சுட்டுத் தருவார்கள் என்று மலாயில் சொல்லிவிட்டுப் போனார்.

வசந்தா என்னைத் திரும்பிப் பார்த்தாள். "ஏங்க, இது என்னா மாசம்?"

புரட்டாசி. எங்கள் வீட்டில் மாதம் முழுக்கச் சைவம். நான் விளம்பரத்தில் இருந்த சுட்ட நண்டுப் படத்தைப் பார்த்துத்தான் வீட்டையே பதிவு செய்திருந்தேன். தட்டில் விழுவதைக் குனிந்து சாப்பிட்டே பழகியவனுக்கு மாதம் எப்படி நினைவிருக்கும்?

கடற்கரை ஓரம் வரிசையாகக் கடைகள். எல்லாவற்றிலும் சுட்ட மீன். கங்கோங் கீரை கேட்டால் அதில் பெலாச்சான் என்ற இறால் விழுதை இடித்துப் போட்டிருப்பதாகக் கடைக்காரப் பெண் நேர்மையாகச் சொன்னார். நாசி லெமாக் என்ற தேங்காய்ப்பால் சோற்றின் சம்பலில் நெத்திலி. மூன்று வெள்ளிக்கு பொரித்த வாழைப்பழமும் தேநீருமாகப் பகலை ஒப்பேற்றினோம். மாலையில் பிஸ்கட்.

"வேணும்னா வீட்டுக்குத் திரும்பிடலாமா?" என்றேன்.

"வீட்டுக்குப் போனா யாரு சமைக்கிறது?"

வீட்டுக்குள் அடுப்பும் காஸும் இருந்தன. அவள் நினைத்தால் அரை மணியில் இரண்டு பேர் பசியும் தீரும். நான் அந்த அடுப்பை ஒரு தடவை பார்த்தேன். அதையும் கவனித்துவிட்டாள்.

"பசிச்சா பசிக்கட்டும்லா. நான் எந்திரிக்க மாட்டேன்."

சனிக்கிழமை, காலை மணி 8.30. அவளைச் சவுக்கு நிழலில் பாயில் விட்டுவிட்டு, ஒன்பது கிலோமீட்டர் தள்ளி மஸ்ஜித் தானாவுக்குப் போனேன். அங்கே தமிழர் மளிகைக் கடை ஒன்று. கல்லாவில் ஓர் அக்கா.

"அக்கா, ரெண்டு பேருக்குச் சாம்பார் வைக்க என்னென்ன வேணும்?"

"ஏன் தம்பி, வீட்டுக்காரம்மாவுக்கு ஒடம்பு சரியில்லையா?"

"நல்லாத்தான் இருக்கா. லீவுல இருக்கா."

அந்த அக்கா சிரித்த சிரிப்பில் பக்கத்தில் வெங்காயம் பொறுக்கிக்கொண்டிருந்தவரும் திரும்பிப் பார்த்தார். அரிசி, பருப்பு, புளி, தூள், பூசணித் துண்டு எல்லாம் கட்டிக் கொடுத்தார். வாடகை வீட்டுச் சட்டியில் மீன் வெந்திருக்கும் என்பதால் புதிதாக இரண்டு எவர்சில்வர் சட்டி. மொத்தம் எழுபத்தோரு வெள்ளி. "பருப்பு நல்லா வெந்தப்புறந்தான் புளி ஊத்தணும். மறந்துடாதீங்க தம்பி" என்றார். பலமாகத் தலையாட்டினேன். வண்டி ஓட்டி வந்த ஒன்பது கிலோமீட்டருக்குள் மறந்தும் விட்டேன்.

பத்தேகாலுக்கு அடுப்பு மூட்டி, பருப்பையும் புளியையும் ஒன்றாகப் போட்டேன். பன்னிரண்டுக்கும் பருப்பு கல்லாகவே கிடந்தது. சோறு அடிப்பிடித்தது; மறுபடி உலை வைத்தேன். சன்னலிலிருந்து கத்தினேன்: "வசந்தா, பருப்பு வேகமாட்டேங்குது!"

அவள் முதுகு அசையவில்லை. கால் விரல்கள் மட்டும் ஆடின. காரணம் அவளுக்குத் தெரியும். ஆனால் சொல்லிக் கொடுத்தால் அதுவும் சமையல்தானே. எனக்குக் கோபம்கூட வந்தது. யார்மேல் கோபப்படுவது என்றுதான் தெரியவில்லை.

ஒன்றே முக்காலுக்கு, காக் ரோஸ் தோட்டத்தில் கேட்டு வாங்கிய வாழையிலையில் பரிமாறினேன். புரட்டாசிச் சனிக்கிழமை ஆயிற்றே, வசந்தா கடலைப் பார்த்துக் "கோவிந்தா" என்று கும்பிட்டுவிட்டு உட்கார்ந்தாள். சோற்றில் கைவைத்தவள் சட்டென்று இழுத்துக்கொண்டாள்.

"சுடுது."

"ஆற வைக்கவா?"

"வேணாம், வேணாம். அடுப்புலேர்ந்து நேரா எறங்குன சோத்த நான் உக்காந்து சாப்புட்டதே இல்லைங்க. எல்லாருக்கும் போட்டு முடிச்சிட்டு நான் உக்கார்றப்ப ஆறிப்போயிருக்கும்."

விரல்களை ஊதி ஊதிச் சாப்பிட்டாள். பருப்பு பல்லில் நறநறத்தது எனக்கும் கேட்டது. இரண்டாம் தடவையும் போடச் சொன்னாள். இருபத்தாறு வருடங்களாகச் சுடச்சுடச் சாப்பிட்டவன் நான். ஒரு நாள்கூட அவள் தட்டைத் தொட்டுப் பார்த்ததில்லை. வெட்கமாக இருந்தது.

சாப்பிட்டதும் பாயில் சாய்ந்து தூங்கிப்போனாள். உடம்புக்கு முடியாத நாளைத் தவிர, அவள் பகலில் தூங்கி நான் பார்த்ததில்லை. கடல் மெல்ல ஏறிவந்து மரத்தடிவரை ஈரமாக்கியது. தூரத்தில் மூன்று கப்பல்கள் நகராமல் நின்றன. நான் சட்டிகளைத் தேய்த்தேன்.

ஞாயிறு, நண்பகல். சாவியை வாங்கிக்கொண்ட காக் ரோஸ், மீன் எப்படி என்று கேட்டார். சாம்பார் நன்றாக இருந்தது என்றேன். அவர் வசந்தாவைப் பார்க்க, வசந்தா சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொண்டாள்.

வழியில் கடலைப் பார்க்கும் இடமெல்லாம் நிறுத்தி நிறுத்தி, நாலரைக்குப் பத்து பெரண்டாம் வந்து சேர்ந்தோம். சாமான்களை இறக்கி, சட்டிகளை அடுப்படிக்கு நான் கொண்டுபோனேன். வசந்தா நேராகப் போய் டிவிக்கு எதிரே இருக்கும் என் பிரம்பு நாற்காலியில் காலை மடக்கி உட்கார்ந்தாள். ஞாயிறு இரவுக்கு இன்னும் நேரம் இருந்தது.

"ஏங்க, ராத்திரிக்கு என்னா சமையல்?"

அதே நாற்காலியிலிருந்து, முகத்தைக்கூடத் திருப்பாமல், தினமும் நான் கேட்கும் கேள்வி. அடுப்படியில் நிற்கும் என் காதில் அது விழுந்தது அன்றுதான் முதல்முறை. பருப்பு டின்னைத் திறந்தேன். புளியை எடுக்கவில்லை, முதலில் பருப்பு வேகட்டும்.