தம்பலகாமத்து வயலும் சீதேவியின் வழக்கும்

திருகோணமலைத் துறைமுகத்தில் இழுவைப் படகு ஒன்றின் எஞ்சின் டிறைவராக இருந்து ஓய்வு பெற்றவர் வல்லிபுரம். ஓய்வுக்குப் பிறகு அவருக்கு மறதி நோய் வந்தது. முதலில் கடைக்குப் போகும் வழி மறந்தது. பிறகு மனைவி சீதேவியின் முகமே மறந்துபோயிற்று.

அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. வல்லிபுரத்தின் தம்பி கதிரவேல், "பரியாரியிட்டைக் காட்டிப்போட்டுக் கூட்டிவாறன், அண்ணி" என்று, நாட்டு வைத்தியம் பார்க்கவென அவரைத் தம்பலகாமத்துக்கு அழைத்துப் போனான். திருப்பி அனுப்பவேயில்லை. வல்லிபுரத்தின் வயலும் அங்கேதான். கையெழுத்து வைக்க மட்டும் அவருடைய கை மறக்காததால், பென்ஷனும் குத்தகை நெல்லும் கதிரவேலிடம் போய்ச் சேர்ந்தன. கேட்கப் போன சீதேவியை அவன் வாசல் படலையிலேயே மறித்தான்.

"அண்ணருக்கு உங்களை ஆரெண்டே தெரியேல்லை. பிறகென்ன பென்ஷன்?"

சீதேவி இடியப்பம் அவித்துத் தேத்தண்ணிக் கடைகளுக்குக் கொடுத்துச் சீவித்தாள். தையல் மெஷினை விற்று, பாக்கியரத்தினம் என்ற சட்டத்தரணியைப் பிடித்தாள். சுகமில்லாதவருக்குப் பொறுப்பாளர் ஆர் என்பதைக் கோட்டில் நீதிபதிதான் தீர்மானிக்க வேண்டும் என்றார் அவர். வழக்கு தவணைக்கு மேல் தவணையாகத் தள்ளிப் போயிற்று. ஒவ்வொரு தவணைக்கும் காசு வேண்டியிருந்தது.

கடைசியில் வல்லிபுரத்தைக் கூட்டிவரச் சொன்னார் நீதிபதி. "இந்த அம்மா ஆர்?" என்று சீதேவியைக் காட்டிக் கேட்டார்.

"தெரியாதையா."

கதிரவேல் நிமிர்ந்து இருந்தான். சீதேவி தரையைப் பார்த்தாள். ஆனால் வல்லிபுரம் நிறுத்தவில்லை.

"ஐயா, என்னை விடுங்கோ. என்ர மனிசி வீட்டில தனிய. சம்பளக் காசு குடுக்காட்டி அவ என்னத்தைச் சாப்பிடுறது?"

"உங்கட மனிசியின்ர பேர் என்ன?"

"சீதேவி."

அவரைப் பராமரிக்கும் பொறுப்பும் பென்ஷனும் அவளுக்கே கிடைத்தன. வழக்குச் செலவை இரு பக்கமும் வல்லிபுரத்தின் சொத்திலிருந்து எடுக்கலாம் என்று தீர்ப்பாயிற்று. அதற்காக வயலில் பாதியை விற்க வேண்டியதாயிற்று. வழக்காடியது வீணோ என்று அன்று அவள் அழுதாள்.

வல்லிபுரம் வீடு வந்து சேர்ந்தார். பகலெல்லாம் அவள் கையால் சாப்பிடுவார். பொழுதுபட்டதும் மரியாதையாக எழுந்து நிற்பார்.

"பிள்ளை, நீங்கள் வீட்டை போங்கோ. என்ர மனிசி வாற நேரம்."

"ஓம், போறன்" என்பாள் சீதேவி. முன்வாசலால் இறங்கி, வேலியோரமாகச் சுற்றிவந்து, பின்பக்கத்துக் குசினிக் கதவால் உள்ளே நுழைவாள்.