ஆறு மாதம் திறக்காத பதிவுகள்

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். தேனியில், விவசாயிகளுக்கு ஆப் நடத்தும் ஒரு நிறுவனத்தில் வேலை. ஆட்கள் சேரச் சேர, அவர்களுடைய படங்களையும் பதிவுகளையும் வைத்திருக்கும் கிளவுட் வாடகை ஏறிக்கொண்டே போனது. ஆறு மாதமாக யாரும் திறக்காதவை தானாக அழியும்படி செய்தேன். பேக்கப்பையும் நிறுத்தினேன். செலவு பாதியானது. பெருமையில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

மாங்காய்ப் பருவத்தில் பெரியகுளத்திலிருந்து ஒரு அக்கா அலுவலகத்துக்கே வந்தார். இயற்கை விவசாயச் சான்றிதழுக்கு மூன்று வருடப் பதிவு காட்ட வேண்டும்; அதற்காக அவர் ஏற்றிவைத்த தோப்புப் பதிவுகளில் ஒன்றுகூட இல்லை.

“ஆறு மாசமா நீங்க திறக்கவே இல்லையேக்கா,” என்றேன்.

“மா வருசத்துக்கு ஒருக்காத்தானே ஆத்தா காய்க்கும்? நடுவுல தொறந்து என்னத்தப் பாக்க?” என்றவர், “ஒங்கய்யா என்ன செய்றாக?” என்று கேட்டார்.

“மாந்தோப்புல காவல்.”

அவர் என்னையே பார்த்தார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். “அப்ப இன்னும் மூணு வருசமா?” என்று மட்டும் கேட்டுவிட்டு எழுந்து போனார்.

அழிந்தது எதுவும் மீளவில்லை. செலவைக் குறைத்ததற்காக அந்த மாதமே எனக்குச் சம்பளம் கூட்டினார்கள். அய்யா அதைத் தோப்பு முழுக்கச் சொல்லிப் பெருமைப்பட்டார். எதை அழித்து வாங்கியது என்று இன்றுவரை அவரிடம் சொல்லவில்லை. சொல்லும் தைரியம் வரும் என்றும் தோன்றவில்லை.