குமாஸ்தா எழுதாத வரி

தென்காசியில் என் வக்கீலிடம் இருந்த குமாஸ்தா ஒல்லியானவர். காதில் எப்போதும் பென்சில். கேஸ் கட்டின் நூலைக் கால் கட்டைவிரலில் மாட்டி இழுத்துத்தான் முடிச்சுப் போடுவார்.

என் வரப்பு வழக்கு கோர்ட்டுக்குப் போகாமலே ராஜியாகிவிட்டது. முன்பணம் நூறு ரூபாயில் மிச்சம் வந்தால்தான் மகளுக்குப் பள்ளிக்கூடச் சம்பளம் கட்டமுடியும். கேட்கக் கூச்சம். அடுத்தடுத்து இரண்டு நாள் மேலகரத்திலிருந்து நடந்து வந்து, வாசலிலேயே நின்றுவிட்டுத் திரும்பினேன்.

மூன்றாம் நாள் குமாஸ்தாவே கூப்பிட்டார்.

"என்ன அண்ணாச்சி, சோலியா வந்தீயளா, சாரலுக்கு ஒதுங்குதீயளா?"

"கணக்கு முடிச்சு… மிச்சம்…" என்றேன்.

"இதுக்கா மூணு நாளு? வக்கீலய்யா என்ன, புலியா?"

உள்ளே போய்ப் பில்லும் அறுபது ரூபாயும் வாங்கிவந்தார். வக்கீல் பீஸ், ஸ்டாம்புச் செலவு எல்லாம் இருந்தது. கட்சிக்காரர்கள் வழக்கமாகக் கொடுக்கும் குமாஸ்தா பீஸுக்கு எதிரே மட்டும் ஒன்றுமில்லை.

"இது?"

"அத நான் எழுதுததில்ல அண்ணாச்சி," என்று குனிந்து நூலை இழுத்தார். முடிச்சு விழுந்த பிறகும் நிமிரவில்லை.

ஐந்து ரூபாயைப் பிரித்தெடுத்தேன். நீட்டக் கூசி, எல்லாவற்றையும் மடியில் முடிந்துகொண்டு வந்துவிட்டேன்.

வக்கீல் என்ன புலியா என்று கேட்டவர், என்னிடம் கேட்க எதற்குத் தயங்கினார்?