பித்தளைத் தோட்டாவும் சந்தனப் பொட்டும்

கார்மேகத்தின் விசாவில் எழுதியிருப்பது: "வீட்டு ராஜாளிப் பராமரிப்பாளர் மற்றும் பயிற்சியாளர்." அமீரகத்தின் ராஸ் அல் கைமாவுக்கு வந்து பதினோரு வருஷம் ஆகிறது, இதுவரை அவர் ஒரு ராஜாளியைக்கூடத் தொட்டதில்லை. தொடுவது இருக்கட்டும், இறக்கையோடு எது எதிரே வந்தாலும் ஒதுங்கி நின்று வழிவிடுகிற சுபாவம். சாத்தூரில் மாமியார் வீட்டுச் சேவல் துரத்தி, வேலியில் வேட்டி கிழிந்த கதையை மனைவி வடிவு இன்றைக்கும் ஃபோனில் சொல்லிச் சிரிப்பாள். முதலாளியை எல்லோரும் அர்பாப் என்றுதான் கூப்பிடுவார்கள். அவருடைய ராஜாளிகளை நிஜமாகப் பார்த்துக்கொள்பவர் பலூச்சிஸ்தான்காரர் ஒருவர். அவர் விசாப்படி தோட்டக்காரர். டிரைவர் அம்மையப்பன் காகிதத்தில் சமையல்காரர். முட்டை அவிப்பதற்கும் யூட்யூப் பார்ப்பார். காலியாக இருந்த விசாவில் கிடைத்த ஆளை ஏற்றிக்கொண்டார்கள். ராஜாளிகள் தரப்பில் இதுவரை புகார் எதுவும் இல்லை.

கார்மேகம் பார்ப்பது தோட்டா அடைக்கும் வேலை. அர்பாப் குளிர்காலத்தில் மொராக்கோவுக்குக் கௌதாரி வேட்டைக்குப் போகிறவர். அதற்கு முன்னால் கை பழக்கிக்கொள்ள, மலையடிவாரத்தில் உரிமம் வாங்கிச் சுடுதளம் ஒன்று வைத்திருக்கிறார். அவருடைய அப்பா விட்டுப்போன இரட்டைக்குழல் துப்பாக்கிக்குப் பொருந்துகிற தோட்டா கடையில் கிடைப்பதில்லை. பழைய பித்தளைக் கூடுகள்தான் கதி. ஒரு சௌகரியம், பித்தளைக் கூடு சுட்டபிறகும் வீணாவதில்லை. கழுவி, வெடிமருந்தும் ஈயக்குண்டும் அடைத்தால் மறுபடியும் தோட்டா. கார்மேகமோ பட்டாசு ஆலையில் பதினாறு வருஷம் மருந்தோடு புழங்கியவர். வேலைக்கு எடுக்கும்போது அர்பாப் கேள்வி எதுவும் கேட்கவில்லை. விரல்களைக் காட்டச் சொன்னார். பத்தும் இருந்தன. வேலை கிடைத்தது.

கூடுகளைக் கழுவ ஜெர்மனியிலிருந்து ஓர் இயந்திரம் வந்திறங்கியது. கார்மேகம் அதற்கு உறை போட்டு மூடிவைத்துவிட்டு, ஷார்ஜாவின் ரோலா கடைத்தெருவுக்குப் போகிறவர்களிடம் புளி வாங்கிவரச் சொன்னார். புளி போட்டுத் தேய்த்த கூடுகள் குத்துவிளக்கு மாதிரி மின்னியதைப் பார்த்த பிறகு அர்பாப் ஜெர்மனியைப் பற்றிப் பேசவில்லை. மருந்து அறைக்குள் கார்மேகம் வைத்ததுதான் சட்டம். பருத்தித் துணி மட்டும். ஃபோன் வெளியே இரும்பு அலமாரியில். நுழையும்முன், உடம்பில் ஏறியிருக்கும் மின்சாரம் இறங்கச் செம்புத் தகட்டைத் தொட்டாக வேண்டும். ஒவ்வொரு தோட்டாவுக்கும் மருந்தைத் தட்டுத் தராசில் நிறுத்துத்தான் போடுவார். டிஜிட்டல் தராசும் இருந்தது. "பேட்டரி தீந்தா அது பொய் சொல்லும்" என்பது அவர் கட்சி.

இவ்வளவு கறாரான மனிதர், ஆயுத பூஜையன்று அந்தத் தராசின் இரண்டு தட்டுகளுக்கும் சந்தனப் பொட்டு வைத்தார்.

வைக்காமல் எப்படி? சோறு போடும் தராசு. வைத்த பொட்டைத் துடைக்கவும் கூடாது. தானாகக் காய்ந்து உதிர வேண்டும். மறுநாள் விஜயதசமியன்று சம்பிரதாயத்துக்கு ஒரே ஒரு தோட்டா அடைத்துவிட்டு அறையைப் பூட்டிவிடுவது அவர் வழக்கம். இந்த வருஷம் அது முடியவில்லை. லண்டனில் படிப்பை முடித்து வந்திருந்த அர்பாபின் மகள் ஆலியா, தாத்தாவின் துப்பாக்கியை அன்றைக்கே சுட்டுப்பார்க்க ஆசைப்பட்டாள். ஐம்பது தோட்டா வேண்டும். கார்மேகம் தராசைப் பார்த்தார். இரு பக்கமும் ஒரே அளவுப் பொட்டு. முள் நட்டநடுவில் நின்றது. சாமிக்கும் குறையில்லை, தராசுக்கும் குறையில்லை என்று திருப்தியோடு உட்கார்ந்தார். பதினொரு மணிக்குப் பெட்டி நிறைந்தது. அம்மையப்பன் கொண்டுபோனார்.

பிறகு மேஜையைத் துடைக்கும்போது, விரித்திருந்த காகிதத்தில் மஞ்சளாக ஒரு சில்லு கிடந்தது. மேலே குங்குமம். எடைக்கல் வைக்கும் தட்டில் பொட்டு இருந்தது. மருந்து வைக்கும் தட்டில் அது இருந்த தடம் மட்டும் இருந்தது.

ஏசி காற்றில் காய்ந்து உதிர்ந்திருக்கிறது. எப்போது? முதல் தோட்டாவிலா, நாற்பத்தொன்பதாவதிலா? உதிர்ந்தபின் அடைத்த ஒவ்வொன்றிலும் ஒரு பொட்டின் எடைக்கு மருந்து கூடுதல். துப்பாக்கிக்கு வயது எண்பதுக்கு மேல். குழல் பிளந்தால் என்ன ஆகும் என்று கார்மேகத்துக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஆலையில் அவரோடு வேலை பார்த்தவர்கள் எல்லாருக்கும் பத்து விரல் கிடையாது. சுடுகிறவர்கள் கன்னத்தை வேறு துப்பாக்கிக் கட்டையில் பதித்திருப்பார்கள். ஆலியாவுக்கு இருபத்திநாலு வயது.

அர்பாபின் ஃபோன் அணைத்திருந்தது. பாதுகாப்பு அதிகாரி சிவசங்கரனின் ஃபோனும் அப்படியே. சுடும் இடத்தில் ஃபோன் கூடாது என்று அர்பாபிடம் நச்சரித்து விதி போடவைத்தவரே கார்மேகம்தான்.

அம்மையப்பன் வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"வண்டிய எடுங்க அண்ணாச்சி."

"இப்பத்தானவே வந்தேன். இந்த டீய..."

"டீய அங்கன வையிங்க. பெட்டிய குடுத்து எவ்வளவு நேரமாச்சு?"

"கா மணி நேரம் இருக்கும். என்ன, மருந்து போட மறந்துட்டீரா?"

"கூடப் போட்டுட்டேன்."

அம்மையப்பன் டீயை வைத்துவிட்டு வண்டியை எடுத்தார். சுடுதளம் மூன்று கிலோமீட்டர், பாதி கரடுமுரடு.

"எப்படிவே கூடிச்சு? நீரு பொன்னு நிறுக்க மாதிரில்லா நிறுப்பீரு."

"பொட்டு உதிந்துருச்சு."

"யாரு நெத்தியில?"

"தராசு தட்டுல."

அம்மையப்பன் திரும்பி அவரைப் பார்த்தார். "இத அர்பாப்கிட்ட எந்த பாஷையில சொல்லப் போறீரு? மனுசன் விசாவ கேன்சல் பண்ணிருவாரு. நான் சொல்லுதத கேளும். தோட்டா ஈரமாயிட்டுன்னு சொல்லிரும்."

"ஈரம்னா காயவச்சுச் சுடச் சொல்லுவாரு."

மலைக்கு அந்தப் பக்கமிருந்து வெடிச்சத்தம் ஒன்று கேட்டது. இன்னொன்று. கார்மேகம் கதவைப் பிடித்துக்கொண்டார். மூன்று. நான்கு.

சுடுதளத்தின் வாசலில் ஒரு சிவப்புப் பட்டன் உண்டு. யார் வேண்டுமானாலும் அமுக்கலாம். அமுக்கினால் களம் முழுக்கச் சிவப்பு விளக்கு எரியும், சுடுவது நிற்க வேண்டும். வைத்த நாளிலிருந்து அதை யாரும் அமுக்கியதில்லை. கார்மேகம் வண்டி நிற்பதற்குள் குதித்து, உள்ளங்கையால் அடித்தார்.

ஆலியா அடுத்த இரண்டு தோட்டாவையும் போட்டு முடித்திருந்தாள். விளக்கைப் பார்த்ததும் துப்பாக்கியைத் தாழ்த்தி மடித்துத் திறந்தாள். முகம் முழுசாக இருந்தது. கொஞ்சம் எரிச்சலும் இருந்தது.

"ஷூ ஹாதா, கார்மேகம்?" என்றார் அர்பாப், இது என்ன என்று.

"அர்பாப், ஹாதா மாஃபி ஜேன். மருந்து ஜியாதா. கலாஸ்." சரியில்லை, மருந்து அதிகம், நிறுத்துங்கள் என்பதற்குமேல் அவருக்கு அரபி வரவில்லை. சிவசங்கரனைப் பார்த்தார். "சார், நீங்க சொல்லுங்க சார்."

"முதல்ல மூச்சு விடுங்க. எனக்குத் தெரிஞ்சாத்தானே நான் சொல்றதுக்கு?"

கார்மேகம் ஒன்றையும் மறைக்காமல் சொன்னார். சிவசங்கரன் கோயம்புத்தூர் இன்ஜினியர். இங்கிலீஷில் விளக்கத் தொடங்கி, சந்தனம் வரைக்கும் சரளமாக வந்தவர், அங்கே தடுமாறினார்.

"தராசுக்கு எதற்குப் பொட்டு?" என்று ஆலியா கேட்டாள்.

அன்று காலை தன் காரின் நாலு சக்கரத்திலும் எலுமிச்சம்பழம் நசுக்கிவிட்டு வந்த சிவசங்கரன், "சிலர் அப்படி ஒரு வழக்கம் வைத்திருக்கிறார்கள்" என்றார்.

எல்லோரும் மருந்து அறைக்கு வந்தார்கள். சிவசங்கரன் சந்தனச் சில்லை டிஜிட்டல் தராசில் போட்டார். மீதியிருந்த தோட்டாக்களில் சிலவற்றைக் கார்மேகத்தை விட்டுப் பிரிக்கச் சொல்லி, மருந்தை நிறுத்தார். பெட்டியில் தோட்டாக்கள் அடைத்த வரிசையிலேயே இருந்ததால் விஷயம் சீக்கிரம் பிடிபட்டது. கடைசிப் பதினாலில் மருந்து கூடுதல். ஆலியா அந்தக் கடைசியிலிருந்துதான் எடுத்திருந்தாள். சுட்ட நாலும் அதில் சேர்த்தி.

கார்மேகம் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"எழுந்திரிங்க கார்மேகம்," என்றார் சிவசங்கரன். "இந்தச் சில்லு எடைக்கு ஒண்ணும் ஆகாது. போன வருஷம் இந்தக் குழலைச் சோதனை பண்ணப்போ, இதைவிட எத்தனையோ மடங்கு போட்டுத்தான் சுட்டாங்க. தோள்ல கொஞ்சம் பலமா உதைச்சிருக்கும், அவ்வளவுதான்."

"நிசமா சார்?"

"நிஜமா."

அவருக்கு அழுகை வரவில்லை. பசித்தது. ஆலியா தோளைத் தடவிக்கொண்டு, "இந்தத் துப்பாக்கி இப்படித்தான் உதைக்கும் என்றல்லவா நினைத்தேன்" என்றாள். அர்பாப் பொட்டு மிச்சமிருந்த தராசுத் தட்டை எடுத்து மூக்கருகே பிடித்தார். மறுபடியும் முகர்ந்தார். பிறகு அரபியில் மகளிடம் ஏதோ சொன்னார். இரண்டு பேரும் சிரித்தார்கள்.

"என்ன சொல்றாரு சார்?"

"நல்ல சந்தனமாம். எங்க வாங்கினீங்கன்னு கேக்கிறார்."

"அப்ப விசா?"

"அதைப் பத்தி யாரும் பேசலையே. நீங்களா ஆரம்பிக்காதீங்க."

வாசலில் நின்ற அம்மையப்பன் தன் பங்குக்கு, "ஒண்ணும் ஆகாதுன்னு தெரிஞ்சிருந்தா டீய குடிச்சிட்டே வந்திருக்கலாம்" என்றார். அது உண்மைதான். கார்மேகம் அந்தச் சில்லைப் பெருக்கித் தள்ளிவிட்டுச் சும்மா இருந்திருந்தாலும் அன்றைக்கு யாருக்கும் ஒரு கீறல்கூட விழுந்திருக்காது. யாருக்கும் தெரிந்தும் இருக்காது. அதைத் தெரிந்துகொண்டதால் ஏற்பட்ட நிம்மதியோடு அவர் நாலு பரோட்டா சாப்பிட்டார்.

சாப்பிட்டுவிட்டு வந்து, செம்புத் தகட்டைத் தொட்டு, உள்ளே போனார். மிச்சமிருந்த பொட்டைத் துடைத்து, முள் நட்டநடுவில் நிற்பதைப் பார்த்துவிட்டு, நாற்பத்தாறு தோட்டாக்களையும் பிரித்து, மருந்தை மறுபடி நிறுத்து, அடைத்துக் கொடுத்தார்.