கறுப்பு வண்டிக்கு எண்ணெய்க் குளியல்

என் நாத்தனார் என் வாசலில் நின்று, என் கையால் காபி வாங்கிக் குடித்துவிட்டு, எங்கள் காரைப் பார்த்து அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது.

"மாப்ள அழைப்புக்கு வெளிய வண்டி சொல்லிட்டேன்டா தம்பி. உன் வண்டி சேறு காஞ்ச எரும கணக்கா கெடக்குது. சம்பந்தி வூட்டு ஆளுங்க இன்னா நெனப்பாங்க?"

என் கணவர் தலையைக் குனிந்துகொண்டார். அவர் கல்யாணப் பெண்ணுக்குத் தாய்மாமன். அக்கா மகள் கல்யாணத்துக்கு மாப்பிள்ளையை என் வண்டியில்தான் அழைத்து வருவேன் என்று கள்ளக்குறிச்சி பஸ் நிலையத்தில் கண்டவர்களிடமெல்லாம் ஒரு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தவர். இப்போது அத்தனை பேர் முகத்திலும் விழிக்க வேண்டும்.

நாத்தனார் சொன்னது பொய் என்று சொல்ல மாட்டேன். எங்களுடையது மூன்று கை மாறி வந்த கறுப்பு அம்பாசிடர். தினமும் கச்சிராயபாளையம் வழியாகக் கல்வராயன் மலையடிவாரம் வரை ஆள் ஏற்றிப் போய் வரும். எஞ்சின் ஒரு நாளும் மக்கர் பண்ணியதில்லை. பெயிண்டைத்தான் வெயில் தின்றுவிட்டது. விரலால் தேய்த்தால் விரலில் கரி ஒட்டும். உண்மையாகவே இருக்கட்டும், அதை அந்த மனுஷன் முகத்துக்கு நேரே சொல்வதா? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அது இட ஒதுக்கீடு கேட்டு எங்கள் பக்கமெல்லாம் போராட்டம் நடந்த காலம். கல்யாணத்துக்கு இரண்டு வாரம் இருக்கும்போது சாலை மறியல் தொடங்கியது. புளியமரங்களை வெட்டிச் சாலையில் குறுக்கே போட்டுவிட்டார்கள். பஸ் இல்லை, லாரி இல்லை. கேட்பது நியாயம் என்றுதான் நாங்களும் நினைத்தோம். ஆனாலும் வண்டி ஓடாமல் வாசலில் நிற்க, அவர் அதைப் பார்த்துப் பார்த்துப் பெருமூச்சு விட, எனக்கு வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை.

மூன்றாம் நாள் காலை, மோட்டார் சாமான் விற்கும் பாய் கடைக்கு நடந்தே போனேன். ஷட்டரைப் பாதி இறக்கி வைத்திருந்தார். குனிந்து உள்ளே போய், "பாய், காரு பளபளன்னு ஆவணும். இன்னா இருக்குது?" என்றேன். அவர் தூசு தட்டி ஒரு டப்பாவை எடுத்தார்.

"மெழுகு பாலிஷும்மா. மெட்ராஸ்ல கார் வெச்சிருக்கிறவங்க வூட்லயே போட்டுக்கிறாங்க. கொஞ்சமா தடவணும், நெழல்ல வெச்சி. ஜாஸ்தி போட்றாதீங்க."

தலையை ஆட்டிவிட்டு வந்தேன். வழியெல்லாம் யோசனை. கொஞ்சமாகத் தடவினால் எதில்தான் பலன் இருக்கிறது? எண்ணெய்க் குளியல் என்றால் நாங்கள் கொஞ்சமாகவா தேய்த்துக்கொள்கிறோம்? உச்சியில் கை நிறைய வைத்து, உடம்பெல்லாம் வழிய வழியத் தேய்த்து, இளவெயிலில் உட்கார்ந்து ஊறினால்தானே உடம்பு மினுக்கும்? இந்த வண்டி எத்தனை வருஷமாகக் காய்ந்து கிடக்கிறது! டப்பா முழுவதும் இதற்கே போதாது என்று முடிவு கட்டிவிட்டேன்.

வண்டியைக் கழுவித் துடைத்து, கூரையிலிருந்து பம்பர் வரை மெழுகை அப்பினேன். உச்சி வெயில் ஏறிக்கொண்டிருந்தது.

"சீக்காவும் அரைக்கட்டுமா?" என்றார் அவர், கட்டிலில் படுத்தபடியே.

"பேசாம இருங்க. ஒரு மணி நேரம் ஊறட்டும்."

ஒரு மணி நேரம் கழித்து வந்து பார்த்தால் வண்டி வெள்ளை வெளேரென்று நின்றது. தோசை மாவை ஊற்றிக் காயவிட்டதுபோல் மெழுகு இறுகிக் கிடந்தது. துணியால் தேய்த்தேன், துணிதான் கிழிந்தது. தண்ணீர் ஊற்றினேன், நழுவி ஓடியது. மறியலிலிருந்து திரும்பிய தெருக்காரர் ஒருவர் நின்று பார்த்துவிட்டு, "இன்னாக்கா, பொங்கலுக்கு முன்னாடியே வெள்ள அடிச்சிட்டியா?" என்றார்.

என் கணவர் எழுந்து வந்து வண்டியைச் சுற்றிப் பார்த்தார். திட்டவில்லை. "எருமையா இருந்தப்பவாவது சவாரிக்குப் போச்சு" என்று மட்டும் சொன்னார். அவர் திட்டியிருந்தால் பதிலுக்குத் திட்டியிருப்பேன். அந்த ஒரு வார்த்தையில் எனக்கு அழுகை வந்துவிட்டது. பின்கட்டுக்குப் போய் நன்றாக அழுதேன். அவருடைய மானத்தைக் காப்பாற்றப் போய், இருந்த பிழைப்பையும் கெடுத்துவிட்டேனே என்று பயம் பிடித்துக்கொண்டது.

அழுது முடித்து முகம் கழுவும்போது, அவர் சவாரி முடிந்து வந்து கை கழுவும் இடம் கண்ணில் பட்டது. கையில் கிரீஸ் அப்பியிருந்தால் அவர் சோப்பைத் தொட மாட்டார். மண்ணெண்ணெயைத் தொட்டுத் துடைப்பார், அப்படியே வழித்துக்கொண்டு வந்துவிடும். மெழுகும் பிசுக்குத்தானே!

அடுப்பு மண்ணெண்ணெயில் துணி நனைத்துப் பிழிந்து, டிக்கியின் மூலையில் உள்ளங்கை அகலத்துக்குத் தேய்த்தேன். மெழுகு இளகியது. உடனே அவருடைய பழைய வேட்டியால் அழுத்தித் துடைத்தேன். அடியிலிருந்து கறுப்பு வந்தது பாருங்கள், அப்படி ஒரு கறுப்பை அந்த வண்டியில் நான் கண்டதே இல்லை.

"இங்க வாங்களேன்!" என்று நான் போட்ட சத்தத்தில் அவர் ஓடி வந்தார். பார்த்தார். வண்டியைப் பூவரச மர நிழலுக்குத் தள்ளினார். வேட்டியின் மறுபாதியைக் கிழித்து எடுத்துக்கொண்டார். அவருக்கு வலப்பக்கம், எனக்கு இடப்பக்கம். இரண்டு பகல் தேய்த்தோம், நான்கு வேட்டிகள் போயின. தோள்பட்டை கழன்றுவிடும்போல் வலித்தது. முடித்தபோது பூவரச இலைகள் ஒவ்வொன்றாக பானட்டில் தெரிந்தன. ஜெயித்துவிட்டோம் என்று எனக்குக் கத்த வேண்டும்போல் இருந்தது. கத்தினேன்.

மறியல் முடிந்து சாலையும் திறந்துவிட்டது. பந்தக்கால் நடும் அன்று அந்த வண்டியில் சங்கராபுரத்தில் நாத்தனார் வீட்டில் போய் இறங்கினோம். நாத்தனார் வாசலுக்கு வந்தார். முன்னால் ஒரு தடவை, பின்னால் ஒரு தடவை சுற்றினார். கதவை விரலால் தேய்த்து விரலைப் பார்த்தார். கரி இல்லை.

"டேய் தம்பி, மாப்ள அழைப்புக்கு நீயே வந்துடு. அந்த வண்டிக்காரன வேணான்னுடறேன்."

அவர் உடனே சரி என்றிருப்பார். நான் குறுக்கே புகுந்தேன். "தாய்மாமன் வண்டிங்க அண்ணி. வெத்தல பாக்கு வெச்சிக் கூப்புடுங்க, வருவாரு."

நாத்தனார் என்னை ஒரு முறை முறைத்தார். பிறகு உள்ளே போய்த் தட்டோடு வந்தார். என் கணவர் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

கல்யாணத்துக்கு முந்தின சாயங்காலம் மல்லிகைச் சரம் தொங்க, மேளம் முன்னே போக, எங்கள் வண்டி மண்டபத்து வாசலில் வந்து நின்றது. மாப்பிள்ளை இறங்குவதற்கு முன்பே சம்பந்தியம்மா வண்டியைத் தொட்டுப் பார்த்து, "எந்த ஊர்ல புடிச்சீங்க இந்த வண்டிய? புதுசா?" என்று கேட்டார்.

"புடிக்கிறதா?" என்றார் என் நாத்தனார், மண்டபத்துக்கே கேட்கும்படி. "என் தம்பி வண்டிங்க இது!"

ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்த என் கணவர் நிமிர்ந்து பார்த்தார்.